வீட்டில் கட்டிய டர்ன்டேபிள் நடுங்காமல் நிற்க

இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி எவ்வளவு தூரம் அசைகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த வேலையில் பாதி புரிந்துவிடும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் வெட்டப்பட்டிருந்தால் (தட்டுகளை அளக்க வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மட்டம் இது) ஊசி நடுவிலிருந்து இரு பக்கமும் 8 மைக்ரான் அசையும். அதைவிட 60 டெசிபல் மெல்லிய ஒலிக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.008 மைக்ரான். டர்ன்டேபிளைத் தாங்கும் பலகை அந்த அளவுக்கு அதிர்ந்தாலும் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் பாகம்) அதையும் இசை என்றே எண்ணி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும். போதாக்குறைக்கு, ஃபோனோ ஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்னலையைப் பெருக்கும் பகுதி) 20 ஹெர்ட்ஸ் ஒலியை 1,000 ஹெர்ட்ஸைவிட ஏறத்தாழ 19 டெசிபல் தூக்கிக் கொடுக்கும். தாழ்ந்த நடுக்கம்தான் முதலில் காதில் விழும்.

டர்ன்டேபிளை நிலைநிறுத்துவது என்றதும் பலர் கனமான கல்லையும் விலையுயர்ந்த கால்களையும் தேடிப் போகிறார்கள். தேவை மூன்றுதான். சுழல்தட்டின் (பிளாட்டர்) தண்டு சுழலும் பேரிங்கும், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன் ஆர்மும் ஒரே விறைப்பான பலகையில், இடையில் மெத்தென்ற பொருள் எதுவும் இல்லாமல் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மோட்டார் அந்தப் பலகையைத் தொடக்கூடாது. தரையிலிருந்து பிரிக்கும் ஸ்பிரிங்கோ ரப்பரோ ஒரே ஒரு அடுக்குதான் இருக்க வேண்டும். பிளாட்டரும் ஆர்மும் சேர்ந்தே ஆடினால் ஊசிக்கு எதுவும் தெரியாது. ஒன்று ஆடி மற்றது நின்றால்தான் சத்தம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வடிவம் பெல்ட் டிரைவ்: இரண்டடுக்கு பிளைவுட் பலகை, தனியே நிற்கும் மோட்டார், இரண்டையும் தாங்கும் ஒரு கிரானைட் கல், கல்லுக்கு அடியில் நான்கு ஸ்பிரிங்.

எந்த அதிர்வு, எத்தனை ஹெர்ட்ஸ்

33⅓ சுற்றில் தட்டு நொடிக்கு 0.56 தடவை சுழல்கிறது. வளைந்த தட்டு ஊசியை ஏற்றி இறக்குவது இந்த எண்ணிலிருந்து 5, 6 ஹெர்ட்ஸ் வரை. நடக்கும் காலடி நொடிக்கு ஏறக்குறைய 2. டோன் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தாமாக ஆடும் அதிர்வெண் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சிங்க்ரனஸ் மோட்டாரின் முக்கிய அதிர்வு 100 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரிலிருந்து காற்று வழியாகவும் தரை வழியாகவும் வருவது பெரும்பாலும் 30 முதல் 200 வரை.

உங்கள் ஆர்மின் எண்ணை முதலில் கணக்கிடுங்கள். ஆர்மின் செயல் நிறை (ஆடும்போது ஊசி உணரும் ஆர்மின் எடை), கார்ட்ரிட்ஜ், திருகுகள் மூன்றையும் கிராமில் கூட்டி, கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (ஊசி எவ்வளவு எளிதில் அசைந்துகொடுக்கும் என்பதன் அளவு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுக்க வேண்டும். மொத்தம் 18 கிராம், கம்ப்ளையன்ஸ் 20 என்றால் 8.4 ஹெர்ட்ஸ். கம்ப்ளையன்ஸ் 10 என்றால் 11.9. ஜப்பானிய கார்ட்ரிட்ஜ் சிலவற்றில் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து போட்டிருப்பார்கள். அந்த எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டுதான் கணக்கிட வேண்டும். ஸ்பிரிங் எதுவாக இருந்தாலும் அதன் அதிர்வெண் இந்த எண்ணுக்கு வெகு கீழே, 3 முதல் 4 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். இதை மறந்துவிட்டுக் கால் வாங்கினால் பணம் போனதுதான்.

பலகை

450 × 350 மி.மீ. அளவில், 18 மி.மீ. பி.டபிள்யூ.பி. ரக பிளைவுட் (ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது) இரண்டு துண்டு. நடுவில் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட், அதாவது கார் கதவின் உள்ளே ஒட்டுகிற டேம்பிங் ஷீட். அதில் அலுமினியத் தாள் ஒட்டாத வகையாகப் பார்த்து வாங்கவும். பலகை வளைந்து அதிரும்போது இரண்டு மரத்துண்டும் எதிரெதிராக நழுவப் பார்க்கும். நடுவிலுள்ள பியூட்டைல் அந்த நழுவலை இழுத்துப் பிடித்து வெப்பமாக்கிவிடும். கெட்டியான பசை போட்டு ஒட்டினால் இது நடக்காது. வெறும் 36 மி.மீ. மரம்தான் மிஞ்சும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. பேரிங்கை மேல் பலகையிலும் ஆர்மைக் கீழ் பலகையிலும் பூட்டினால், தவிர்க்கவேண்டிய மெத்தையை நாமே இரண்டுக்கும் நடுவில் போட்டதாகிவிடும். இரண்டையும் மேல் பலகையிலேயே பூட்டுங்கள். கீழ்ப் பலகையில் போல்ட் தலைகளுக்குப் பெரிய துளை விட்டுவிட்டால் போதும்.

மரத்திருகு வேண்டாம். அது நாளாவட்டத்தில் மரத்தை அரைத்துத் தளர்ந்துவிடும். பேரிங்கின் விளிம்பை எம்5 போல்ட், அடியில் 20 மி.மீ.க்குக் குறையாத வாஷர், நைலாக் நட் (தளராமல் பிடிக்கும் நைலான் வளையம் உள்ள நட்) போட்டு இறுக்கவும். பலகையின் ஆறு முகங்களுக்கும், துளைகளின் உட்புறத்துக்கும் சேர்த்து, பாலியூரிதேன் சீலர் இரண்டு கோட் அடிக்க வேண்டும். மேல் பக்கம் மட்டும் மினுக்கிவிட்டு அடிப்பக்கத்தை அப்படியே விட்டால், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஒரு பக்கம் உப்பிப் பலகை வளையும். வளைந்தால் பேரிங் செங்குத்தாக நிற்காது. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அறுத்த ஓரம் தண்ணீரைக் குடித்துப் பருக்கும்.

பேரிங்கும் ஆர்மும்

சுழல்தட்டு ஆடுவதற்கு முதல் காரணம் பேரிங்கின் நீளக்குறைவு. லேத் பட்டறையில் கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: 10 மி.மீ. கடினப்படுத்திய எஃகுத் தண்டு, நுனியில் 5 மி.மீ. எஃகுக் குண்டு, 70 மி.மீ. நீள உறையின் இரு முனைகளிலும் வெண்கல புஷ் (தண்டு சுழலும் வளையம்), தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி 0.01 முதல் 0.02 மி.மீ. புஷ்களின் வெளிமுனைகளுக்கு இடையில் 60 மி.மீ. இருந்தால், 0.02 இடைவெளி பிளாட்டர் விளிம்பில் (மையத்திலிருந்து 150 மி.மீ.) 0.05 மி.மீ. ஆட்டமாக வரும். அதே இடைவெளியோடு 25 மி.மீ. குட்டை புஷ் போட்டால் ஆட்டம் 0.12. பட்டறைக்காரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நீளம் இல்லாததை அவரால் ஈடுகட்ட முடியாது.

பெல்ட் இழுக்கும் மட்டம் மேல் புஷ்ஷுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 30 மி.மீ. மேலே இருந்து இழுத்தால் தண்டை நெம்புகோலாக வைத்து நெம்புவதுபோல்தான். பிளாட்டரின் அடியில் சிறிய உள்தட்டு வைத்து அதில் பெல்ட் ஓட்டுவதன் ஒரு லாபம் இது.

எண்ணெய்: தையல் மெஷின் எண்ணெய் அல்லது ஐ.எஸ்.ஓ. 32 ரகம், அடியில் ஒரு சொட்டும் புஷ் நெடுகப் பூச்சும். கிரீஸ் வேண்டாம்.

பூட்டிய பிறகு பிளாட்டரின் மேல் விளிம்பில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.2 மி.மீ.க்குமேல் ஏறி இறங்கினால் பிளாட்டரின் துளை சாய்வாக இருக்கிறது என்று பொருள். கால்களைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது, பட்டறைக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

ஆர்முக்கு உரிய தூரம், அதாவது பிளாட்டர் மையத்திலிருந்து ஆர்மின் திருப்புமையம் வரை, தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து அரை மில்லிமீட்டருக்குமேல் பிசகக்கூடாது. ரேகா வகை 9 அங்குல ஆர்ம்களில் அது 222 மி.மீ. ஆர்மைத் தனித் தூணில் நிறுத்தி பிளாட்டர் பக்கத்தில் வைக்கும் பாணி பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் தூணும் பேரிங்கும் ஒரே கனமான கல்லில் இறுக்கமாக நிற்காவிட்டால், இரண்டும் தனித்தனியாக நடுங்குவது நேராக ஒலியில் வந்து சேரும். முதல் முறை கட்டுகிறவர்களுக்கு அது வேண்டாம்.

மோட்டார்

எஃகு அல்லது பித்தளை உருளையைக் குடைந்து அதற்குள் மோட்டாரை வையுங்கள். மொத்த எடை 1.5 கிலோவாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் பெல்ட் அதை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துவிடும். மோட்டாரை உருளையோடு இணைக்கும் மூன்று திருகுகளுக்கும் ரப்பர் குரோமெட் (திருகைச் சுற்றும் மெத்தென்ற வளையம்) போட்டால் 100 ஹெர்ட்ஸ் அதிர்வு பெரும்பாலும் அங்கேயே நிற்கும். குரோமெட் ரொம்ப மெத்தென்றிருந்தால் புல்லி பெல்ட் பக்கம் சாயும், பெல்ட் மேலேறிக் கழலும். அப்படியானால் கொஞ்சம் கடினமான ரப்பராக மாற்றுங்கள். பலகையில் உருளை நிற்கும் இடத்தைச் சுற்றி 5 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டவும். உருளைக்கு அடியில் 2 மி.மீ. கார்க் ஷீட்.

பெல்ட் எவ்வளவு இறுக்கம்? பிளாட்டர் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஒன்றிரண்டு நொடி வழுக்கிப் பிறகு பிடித்தால் சரி. டக்கென்று கிளம்பினால் இறுக்கம் அதிகம். பேரிங்கின் ஒரு பக்கம் மட்டும் தேயும், மோட்டார் அதிர்வும் பெல்ட் வழியே ஏறும்.

230 வோல்ட்டில் ஓடும் மோட்டார் என்றால் உலோக உருளைக்கு எர்த் வயர் கட்டாயம், ஃபியூஸும் கட்டாயம். மின்வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் 12 வோல்ட் டி.சி. மோட்டாருக்குப் போவது நல்லது.

1961-இல் எட்கர் வில்ச்சர் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துக்காக வடிவமைத்த டர்ன்டேபிளில் ஆர்மும் பிளாட்டரும் ஒரே டி வடிவச் சட்டத்தில் அமர்ந்து மூன்று ஸ்பிரிங்கில் தொங்கின. மோட்டார் வெளிச்சட்டத்தில் அசையாமல் நின்றது. பின்னால் வந்த தோரன்ஸ் டிடி 150, லின் எல்பி12 எல்லாம் அந்த வழிதான். அருமையான ஏற்பாடு, ஆனால் வீட்டில் கட்ட எளிதல்ல. சட்டம் பக்கவாட்டில் ஆடினால் மோட்டாருக்கும் பிளாட்டருக்கும் இடையிலுள்ள தூரம் மாறும், பெல்ட் இழுவிசை மாறும், பியானோ சுருதி அலையும். மோட்டாரும் பலகையும் ஒரே கல்லில் நின்று, கல் மொத்தமாக ஸ்பிரிங்கில் மிதந்தால் அந்தத் தூரம் மாறவே மாறாது. அதனால்தான் இங்கே கல்.

கல்லும் எடைமையமும்

500 × 400 × 18 மி.மீ. கிரானைட், ஏறத்தாழ 10 கிலோ. சமையல் மேடைக்கு வெட்டிய மிச்சத் துண்டு கிரானைட் கடைகளில் கிடைக்கும். மார்பிள் வேண்டாம், எளிதில் உடையும். கல்லை விரலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும், அதனால் அடிப்பக்கம் முழுக்க மேலே சொன்ன பியூட்டைல் ஷீட் ஒரு அடுக்கு ஒட்டிவிடுங்கள்.

பலகைக்கும் கல்லுக்கும் இடையில் மூன்று கடினமான கால்: எம்8 போல்ட், நுனி உருண்டையாகத் தேய்த்தது. கடினமான கால் என்றால் மூன்றுதான். நான்கு வைத்தால் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். ஸ்பிரிங் என்றால் நான்கு, ஏனென்றால் ஸ்பிரிங் தானே அமுங்கிச் சமன்செய்துகொள்ளும், மூலைகளில் நிற்பதால் கவிழாது.

எல்லாம் சேர்ந்து எடை: கல் 10, பலகை 4, அக்ரிலிக் பிளாட்டர் (300 × 25 மி.மீ.) 2, மோட்டார் உருளை 1.5, பேரிங், ஆர்ம் இத்யாதி 1.5. மொத்தம் 19 கிலோ.

அடுத்து, எடையின் மையம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்லின் நடு எடையின் நடு அல்ல. கல்லை எல்லாப் பொருள்களோடும் இரண்டு மரச்சட்டங்களின் மேல் வையுங்கள், சட்டங்களுக்கு இடையில் சரியாக 450 மி.மீ. வலப்பக்கச் சட்டத்துக்கு அடியில் எடை பார்க்கும் மெஷின், இடப்பக்கம் அதே உயரத்துக்குக் கட்டை. கல் மட்டமாக இருக்கட்டும். மெஷின் 9 கிலோ காட்டினால், 9 × 450 ÷ 19 = 213. எடைமையம் இடச் சட்டத்திலிருந்து 213 மி.மீ., அதாவது நடுவிலிருந்து 12 மி.மீ. இடப்பக்கம். முன்பின்னாகவும் ஒருமுறை இப்படியே அளக்கவும். நான்கு ஸ்பிரிங்குகளின் நடு அந்தப் புள்ளிக்கு நேர் கீழே வருமாறு எல்லாவற்றையும் நகர்த்தி வைத்தால் நான்கும் ஒரே அளவு அமுங்கும். இதைச் செய்யாமல் மூலைக்கு ஒன்றாக வைத்துவிட்டு, பிறகு சாய்ந்த பக்கம் அட்டை சொருகுவது வீண்வேலை. மட்டம் சரியாகத் தெரிந்தாலும், தட்டினால் கல் ஒரு பக்கமாக உருண்டு ஆடும்.

அளக்கும்போது ஆர்மைத் தாங்கியில் பூட்டி, ஊசிக்கு உறை மாட்டிவிட வேண்டும்.

ஸ்பிரிங்

ஸ்பிரிங் தேர்வுக்கு ஒரு கணக்கு போதும். எடை ஏற்றியதும் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ, 15.76-ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 2.5 மி.மீ. அமுங்கினால் 10 ஹெர்ட்ஸ். 10 மி.மீ. என்றால் 5. 15.5 என்றால் 4. 20 என்றால் 3.5. 40 என்றால் 2.5.

கடையில் கிடைக்கும் மெத்தென்ற ரப்பர் கால்கள் பல 2, 3 மி.மீ.தான் அமுங்கும். அதாவது 10 ஹெர்ட்ஸுக்கு அருகில், ஆர்ம் தானாக ஆடும் அதே இடத்தில். ரப்பர் அதிர்வில் இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் உண்மை எண் அதைவிடவும் மேலே போகலாம். ஆர்மை ஆட்டுவதற்கென்றே செய்ததுபோல் ஆகிவிடும். கால் மாற்றிய பிறகு வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) கோன் முன்பைவிட அதிகமாக உள்ளும் வெளியும் போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

19 கிலோவை நான்கால் வகுத்தால் ஸ்பிரிங்குக்கு 4.75 கிலோ. 4 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 15.5 மி.மீ. அமுங்க வேண்டும். விறைப்பு மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன், அதாவது 300 கிராம் வைத்தால் ஒரு மி.மீ. ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கும் பட்டறைக்கு இந்த அளவைக் கொடுக்கலாம்: ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி 2.5 மி.மீ., வெளிவிட்டம் 34.5, வேலை செய்யும் சுருள் 4, இரு முனைகளிலும் மூடிய சுருள் ஒவ்வொன்று, சுமையில்லா நீளம் 50, முனைகள் தட்டையாகத் தேய்த்தது. எடை ஏறியதும் உயரம் 34.5 மி.மீ. ஆகும், விட்டமும் ஏறத்தாழ அதே. இந்த விகிதம் முக்கியம். உயரம் விட்டத்தைவிட மிக அதிகமானால் ஸ்பிரிங் பக்கவாட்டில் துவளும், கல் படகாகும். 2.5 ஹெர்ட்ஸுக்கு ஆசைப்பட்டு நீள ஸ்பிரிங் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எடை வேறானால் விறைப்பை அதே விகிதத்தில் மாற்றுங்கள். 12 கிலோ என்றால் ஸ்பிரிங்குக்கு 3 கிலோ, விறைப்பு 1.9.

ஒவ்வொரு ஸ்பிரிங்கும் நழுவாமலிருக்க மேலும் கீழும் 8 மி.மீ. உயரத்துக்கு அறுத்த பி.வி.சி. பைப் வளையம் ஒட்டவும். ஸ்பிரிங்குக்குள்ளே ஒரு துண்டு மெல்லிய ஸ்பாஞ்ச் தளர்வாகச் சொருகவும். அழுத்தி விட்டால் நாலைந்து ஆட்டத்தில் அடங்க வேண்டும். ஸ்பாஞ்சைத் திணித்து நிரப்பினால் அதுவே சுமையைத் தாங்கி, ஸ்பிரிங்கின் பயன் போய்விடும். கல்லுக்கு அடியில், 10 மி.மீ. இடைவெளியில் நான்கு மரக்கட்டை வைத்துவிட்டால் யாராவது கை ஊன்றினாலும் கல் கவிழாது.

எண்ணிச் சரிபார்க்கலாம்: கல்லை மெல்ல அழுத்தி விட்டு ஒரு நொடியில் 4 ஆட்டம் என்றால் 4 ஹெர்ட்ஸ். கண்ணால் எண்ணச் சிரமமானால் ஆஹன் பல்கலைக்கழகத்தின் இலவச செயலியான ஃபைபாக்ஸைப் போனில் போட்டு, போனைக் கல்லின்மேல் வைத்தால் அதிர்வெண்ணை வரைபடமாகக் காட்டும்.

4 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது? 30 ஹெர்ட்ஸ் தரை அதிர்வை ஐம்பதில் ஒரு பங்காக்கும். 10 ஹெர்ட்ஸை ஐந்தில் ஒரு பங்கு. 2 ஹெர்ட்ஸ் காலடியை? குறைக்காது, மூன்றில் ஒரு பங்கு கூட்டித்தான் கொடுக்கும். ஸ்பிரிங் போட்ட பிறகு நடந்தால் ஊசி குதிக்கிறது என்று புலம்புகிறவர்கள் ஸ்பிரிங்கைக் குறைசொல்லிப் பயனில்லை. தரையை மாற்ற வேண்டும், அல்லது சுவரில் பொருத்திய தட்டுக்குப் போக வேண்டும்.

டோன் ஆர்ம் கேபிளும் மோட்டார் வயரும் விறைப்பாக இருந்தால் அதிர்வு ஸ்பிரிங்கைத் தவிர்த்து அந்த வழியாக ஏறிவிடும். இரண்டையும் ஒரு தளர்ந்த வளையம் விட்டு, வளையத்துக்கு அப்பால் மேசையில் கிளிப் போடுங்கள்.

ஸ்பிரிங் கிடைக்காதவர்களுக்கு: 12 அங்குலக் குழந்தை சைக்கிள் டியூப் நன்றாக வேலை செய்யும். 19 கிலோவைத் தூக்க மிகக் குறைந்த காற்றே போதும், கேஜில் முள் அசையாது. கல் 10 முதல் 15 மி.மீ. எழும்வரை மட்டும் அடிக்கவும். கல் உருண்டு விழுவதுபோல் தோன்றினால் காற்று அதிகம். எடைமையம் டியூபின் நடுவில் இருந்தாக வேண்டும், வால்வு வெளியே நீட்டியிருக்க வேண்டும், அவ்வப்போது காற்று நிரப்ப வேண்டும். ஸ்குவாஷ் பந்து பாதியாக அறுத்து வைப்பது பிரபலம். போதுமான அளவு அமுங்காது, வெயில்காலத்தில் மெத்தென்றாகிச் சில மாதங்களில் சப்பையாகிவிடும்.

கூர்முனை ஸ்பைக் பற்றி ஒரு வார்த்தை. அதிர்வு அதன் வழியே ஒரு பக்கமாக மட்டும் வடிந்துவிடும் என்பது விற்பனைப் பேச்சு. உலோகம் இரு திசையிலும் கடத்தும். ஆடாத சுவர் தட்டில் நிறுத்த ஸ்பைக் நல்ல கால், அவ்வளவே.

ரசமட்டம்

முதலில் ரசமட்டத்தையே சோதியுங்கள்: ஓரிடத்தில் வைத்துக் குமிழியைப் பார்த்து, அப்படியே 180 டிகிரி திருப்பி அதே இடத்தில் வைத்தால் குமிழி அறையின் அதே பக்கம் அதே அளவு நிற்க வேண்டும். மாறினால் இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் உண்மை மட்டம். பிளாட்டரின் மேல் வைத்து, பிளாட்டரைக் கால் சுற்றாகத் திருப்பி நாலு நிலையிலும் பாருங்கள். ஸ்பிரிங்கின்மேல் கல்லை முதலில் சரிசெய்து, மிச்சத்தைப் பலகையின் எம்8 கால்களால் திருத்தவும். எம்8 போல்ட் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும், கால்களுக்கிடையே 300 மி.மீ. இருந்தால் அது கால் டிகிரி. சரியானதும் நட் போட்டுப் பூட்டவும். ஸ்பிரிங் புதிதாக இருந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

எங்கே வைப்பது

தரைத்தளத்துக் கான்கிரீட் தரையில் காலடிப் பிரச்சினை அநேகமாக இல்லை. கனமான மர அலமாரி போதும். மேல்மாடியில் தளத்தின் நடுவைவிடச் சுவரோரம், அதைவிட மூலை குறைவாக ஆடும். ஆனால் தாழ்ந்த ஒலியும் மூலையில்தான் சேரும் என்பதால் ஸ்பீக்கர் இருக்கும் மூலை வேண்டாம். ஸ்டீல் பீரோவின் தலையில் வைக்காதீர்கள், அதன் தகடு மத்தளம்தான். பழைய வீட்டு மரத்தளமோ, லண்டன், டொராண்டோ வீடுகளின் மரத்தளமோ என்றால் சுவர் தட்டைத் தவிர வேறு வழி குறைவு.

சுவர் தட்டுக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வேண்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் தானே அதிரும். 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் முக்கோண பிராக்கெட் இரண்டு, குறுக்கே ஒரு பிணைப்பு, ஒவ்வொன்றிலும் மேல் கீழாக 250 மி.மீ. இடைவெளியில் 8 மி.மீ. ஆங்கர் போல்ட் இரண்டு. தட்டோடு 25 கிலோ, சுவரிலிருந்து 220 மி.மீ. தள்ளி எடைமையம் என்றால் மேல் போல்ட் ஒவ்வொன்றின் இழுவை 11 கிலோதான். பலத்துக்குப் பஞ்சமில்லை, விறைப்புத்தான் கேள்வி. முன் விளிம்பை விரலால் அழுத்தினால் அசைவு கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் சுவர்களில் சாதாரண ஆங்கர் பிடிக்காது, அவற்றுக்கென்று உள்ள பிளக் வாங்கவும். அந்தச் சுவரில் கதவோ ஸ்பீக்கரோ இருக்கக்கூடாது. தட்டு விறைப்பாக அமைந்தால் ஸ்பிரிங் இல்லாமலே ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பல வீடுகளில் தேவைப்படாது.

சோதனை

மோட்டாரை நிறுத்தி, நின்ற தட்டின்மேல் ஊசியை இறக்கி, வால்யூமை வழக்கமான அளவுக்கு வைத்து மேசையை விரல் கணுவால் தட்டுங்கள். மெல்லிய 'டப்' வரலாம், வந்து உடனே சாக வேண்டும். 'டும்ம்ம்' என்று நீண்டால் ஏதோ ஒன்று தன்பாட்டில் ஆடுகிறது. அடுத்து வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஊளையிடத் தொடங்கும் இடம் நீங்கள் கேட்கும் அளவிலிருந்து வெகு மேலே இருக்க வேண்டும். ஊளை எழுந்த கணமே குறையுங்கள், வூஃபர் போய்விடும். மேல்மூடி இருந்தால் மாட்டியும் கழற்றியும் இதைச் செய்து பாருங்கள். பல நேரம் மூடிதான் காற்றின் அதிர்வைப் பிடித்து இறக்கிவிடுகிறது.

அதே நிலையில் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். முனகல் வந்தால் அது கல் வழியாக வருகிறது: குரோமெட்டையும் கார்க்கையும் பாருங்கள், உருளை பலகையை எங்காவது உரசுகிறதா பாருங்கள். ஊசியைத் தூக்கிய பிறகும் முனகல் நின்றபாடில்லை என்றால் அது அதிர்வே அல்ல, மின்காந்த ஹம் அல்லது எர்த் கோளாறு. மோட்டாரைக் கார்ட்ரிட்ஜிலிருந்து தள்ளி, இடப்பக்கப் பின்மூலைக்குக் கொண்டுபோகவும். பெல்ட் மாட்டியபின் மட்டும் முனகல் வந்தால் பெல்ட் இறுக்கம்.

கடைசியாக, ஒரு தட்டின் முடிவிலுள்ள மௌனப் பள்ளத்தைக் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவுசெய்து ஸ்பெக்ட்ரம் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்ற வரைபடம்) வரைந்து பாருங்கள். 100 ஹெர்ட்ஸில் குன்று என்றால் மோட்டார். 8 முதல் 12-க்குள் என்றால் ஆர்ம், அது எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஸ்பிரிங்குக்கு முன்னும் பின்னும் பதிவுசெய்து ஒப்பிட்டால் அது கூடியதா குறைந்ததா என்று தெரியும். 20 முதல் 60-க்குள் கூரான முகடு தெரிந்து, ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போனில் பதிவுசெய்யும்போது அது மறைந்தால் ஸ்பீக்கரின் வேலை. ஸ்பீக்கரை டர்ன்டேபிள் இருக்கும் மேசையிலிருந்து கீழே இறக்குங்கள். மறையாவிட்டால் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கலாம், அல்லது நுனிக் குண்டு தான் நிற்கும் அடித்தகட்டில் குழி போட்டிருக்கலாம். தண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். குழி தெரிந்தால் தகட்டைத் திருப்பிப் போட்டு, புதுக் குண்டு மாற்றி, பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிது விடவும்.